நிதானமாக இல்லாத மடிக்கணினி

"மூக்கு இன்னும் கோபமா இருக்கும்மா" என்றாள் மித்ரா.

தாரணி கண்ணாடியைப் பார்த்து மூக்கைத் தளர்த்த முயன்றாள். மூக்கை எப்படித் தளர்த்துவது? எட்டு வயது மகள் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அம்மாவின் முகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். காது கேளாத பிள்ளை. முகத்தைப் படிப்பதில் அவளை ஏமாற்ற பவானி ஊரிலேயே ஆள் கிடையாது.

"இப்ப?"

"இப்ப வாய் சிரிக்குது. கண்ணு திட்டுது."

"போதும் போ. வந்தது வரட்டும்."

தாரணி மேசைக் கணினியின் முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். திரையின் மேலிருந்த சிறு கண் அவளை நாற்பது நொடி பார்த்தது. புல்லாங்குழல் இசை மெல்ல வந்தது. அதைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கள் இப்போது நிதானமாக இல்லை. சற்று ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள்" என்றது திரை. பிறகு தானே அணைந்தது.

இன்றோடு பதிமூன்று நாள். இன்று மாலை ஐந்து மணிக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

நிதானச் சட்டம் வந்து ஏழு வருடம் ஆகிறது. பதற்றத்தில் முன்பின் தெரியாதவனுக்குப் பணம் அனுப்புகிறார்கள், ஆத்திரத்தில் எழுதி ஊரைப் பற்ற வைக்கிறார்கள், ஆகவே எழுதக்கூடிய எந்தக் கருவியும் தொடங்குமுன்னும் எழுதும்போதும் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கணினி, கைப்பேசி எதற்கும் விலக்கு இல்லை. பேசலாம், படம் பார்க்கலாம். எழுதுவதற்கு மட்டும் அமைதியான முகம் வேண்டும். கையால் எழுதிய தாளையும் அலுவலகத்தில் ஒரு இயந்திரம்தான் வாங்குகிறது. பேனா அழுந்தியிருந்தால் தாளைத் திருப்பித் துப்பிவிடும்.

தாரணியின் கோபத்துக்குக் காரணம் ஒரு கறுப்புக் கருவி. மித்ராவுக்கு மூன்று வயதில் அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் அதன் ஒரு பாதியை வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் மாட்டும் பாதி மூன்று மாதமாகப் பொரிந்துகொண்டிருந்தது. எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்று மித்ராவே சொன்னாள். அரசுத் திட்டத்தில் புதியது கொடுப்பார்கள். சொந்தமாக வாங்குவது இவர்களால் ஆகிற காரியமல்ல. பரிசோதனைக்குக் கூட்டிப்போனார்கள். "கருவி நன்றாக இயங்குகிறது. மாற்றத் தேவையில்லை" என்று தாள் வந்தது.

நடந்தது என்னவென்றால், பரிசோதனை அறையில் திரையில் ஒரு மாமா முகம் வந்து, ஒவ்வொரு ஒலிக்குப் பிறகும் "கேட்குதா கண்ணு?" என்று கேட்டிருக்கிறது. மித்ரா அவர் உதட்டைப் படித்து, ஒவ்வொரு முறையும் "கேக்குதுங்க மாமா" என்று சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் கேட்டால் மனம் கோணாமல் பதில் சொல்ல வேண்டும், 'ங்க' போட்டுப் பேச வேண்டும் என்று அவளைப் பழக்கியவன் அவளுடைய அப்பா கிருபாகரன்.

தாள் வந்த அன்று தாரணி அவனிடம் சொன்ன வார்த்தை: "உங்க 'ங்க'தான் எம்புள்ள காதைப் புடுங்கிருச்சு."

அவன் எதற்கும் கோபப்பட்டுப் பதில் சொல்கிறவன் அல்ல. மறுநாள் தன் கணினியில் உட்கார்ந்தான். அது அவனுக்கு உடனே திறந்தது. மனு எழுதினான். அதில் 'தயவுகூர்ந்து' ஐந்து இடத்தில் இருந்தது. 'மகளுக்குக் கேட்கவில்லை' என்று அவன் எழுதியதை இயந்திரம் 'கேட்பதில் சிறு சிரமம் உள்ளது' என்று திருத்திக் கொடுத்தது. அவனும் சரியென்று அனுப்பிவிட்டான். அவசரமில்லாத வகை, ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. இனி மிச்சமிருப்பது தாயின் மேல்முறையீடு ஒன்றுதான். நாளை நண்பகலில் இந்த வருடத்துப் பட்டியல் மூடிவிடும்.

ஒரு வருடம் பொறுக்க முடியாது. மித்ராவின் பேச்சு ஏற்கெனவே நழுவ ஆரம்பித்திருந்தது. போன மாதம் வரை 'சக்கரை' என்று சொன்னவள் நேற்று 'தக்கரை' கேட்டாள்.

மதியம் இரண்டரைக்கு ஜெஸிந்தா வந்து ஸ்கூட்டரை நிறுத்தினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குமாரபாளையத்தில் கடைகளுக்கு இட்லி மாவு போடுகிறவள். கல்லூரியில் தாரணியோடு ஒரே பெஞ்சு. வகுப்பில் யாருடைய கணினி மக்கர் செய்தாலும் அவளிடம்தான் போகும்.

"எங்கடீ அந்த மகாராணி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள்.

மகாராணி மேசைமேல் இருந்தது. இருபது வருடத்துக்கு முன் கல்லூரியில் எல்லோருக்கும் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி. பரணில், கல்யாண ஆல்பத்துக்குக் கீழே, பாலிதீன் பைக்குள் கிடந்தது. சட்டத்துக்கு முந்தியது, முகம் பார்க்கும் சில்லு அதில் கிடையாது. இப்படிப்பட்டவை தாமே செத்துப்போகும் என்று சட்டம் எழுதியவர்கள் அவற்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"காத்தாலயிருந்து அமுக்கிப் பாத்துட்டேன். ஒரு லைட்டுகூட வரலை" என்றாள் தாரணி.

"சார்ஜர்ல லைட் எரியுதா?"

"எரியுது."

"அப்ப கரண்டு வாசல் வரைக்கும் வருது. உள்ள விடமாட்டேங்குது, மாமியார் வீடு மாதிரி." ஜெஸிந்தா கணினியைக் கவிழ்த்துப் போட்டாள். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. "அடிப்பாவி, இதை வச்சுக்கிட்டா அமுக்கிட்டிருந்தே?" பேட்டரியை மெல்லக் கழற்றி, கொண்டுபோய் வெளியே சிமென்ட் தரையில் தனியாக வைத்துவிட்டு வந்தாள். சார்ஜரையும் பிடுங்கினாள். "இப்ப பவர் பட்டனை முப்பது எண்ற வரைக்கும் அமுக்கிப் புடி."

"கரண்டே இல்லாமயா?"

"உள்ள பழைய கரண்டு கொஞ்சம் தேங்கிக் கிடக்கும். அது வடிஞ்சாத்தான் புதுசு ஏறும்."

மித்ரா விரல் விட்டு எண்ணினாள். முப்பது ஆனதும் சார்ஜரை மட்டும் செருகி அழுத்தினார்கள். ஒரு விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி கரகரவென்று சுற்றியது. தாரணி "ஏய்" என்று கத்தினாள். அதற்குள் மூன்று முறை 'பீப்' அடித்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"பரவால்ல, பேசுது" என்றாள் ஜெஸிந்தா. "மூணு பீப்னா ரேம் சரியா ஒட்டலைன்னு அர்த்தம். எங்க வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்ற மிஷின்டீ இது. இப்ப வர்றது எல்லாம் புல்லாங்குழல்தான் வாசிக்குது."

பின்மூடியின் திருகுகளைக் கழற்றினாள். ரேம் என்கிற நினைவகப் பட்டையை எடுத்து, அதன் மஞ்சள் பற்களை மித்ராவின் ரப்பரால் தேய்க்கச் சொன்னாள். மித்ரா நாக்கைத் துருத்திக்கொண்டு தேய்த்தாள். ரப்பர் கறுப்பானது.

பக்கத்து அறையில் கிருபாகரன் தன் கணினி முன் இருந்தான். பால் சங்கத்தில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தான். இது நடக்காவிட்டால் கடைசிக்குத் தானே இன்னொரு மனு எழுதி, தாரணி பெயரில் அனுப்பலாம் என்று எண்ணம். பரிசோதனைத் தாளை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தான். அவன் எந்தத் தாளையும் அப்படித்தான் படிப்பான்.

"அண்ணா, நீங்க இந்தச் சட்டம் நல்லதுன்னு சொன்ன ஆளுதானே?" என்று ஜெஸிந்தா இங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"இப்பவும் அதுல பாதி நல்லதுன்னுதான் நெனக்கிறேன்."

"அதுவும் சரிதான்" என்றாள் ஜெஸிந்தா. "எந்தம்பி பங்காளிகளோட சண்டை போட்டுட்டு வெட்டுவேன் குத்துவேன்னு எழுத உக்காந்தான். மிஷின் விடல. காலையில எந்திரிச்சு டீ குடிச்சுட்டு அவங்ககூடவே வயலுக்குப் போனான்."

"அவன் வெட்ட நெனச்சான்" என்றாள் தாரணி. "நான் கேக்க நெனக்கிறேன். ரெண்டு மூஞ்சியும் அதுக்கு ஒண்ணா? அநியாயம் நடந்தவன் எல்லாம் தூங்கி எந்திரிச்சு, குளிச்சு, சாமி கும்புட்டுட்டு, சிரிச்ச முகமா வந்து கேளுன்னா எவன் கேப்பான்? கோபம் போன பின்னாடி எழுதற மனு, மனுவா? கல்யாணப் பத்திரிகை."

அந்த அறையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

ரேம் 'டக்' என்று உட்கார்ந்தது. மூடி போட்டு அழுத்தினார்கள். இம்முறை திரையில் வெள்ளை எழுத்து வந்தது. நாளும் நேரமும் தவறு என்றது. தொடங்குவதற்கு எந்த வன்வட்டும் இல்லை என்றது.

"வட்டு போச்சா?" என்றாள் தாரணி.

"போகல. மறந்துருச்சு. உள்ள ஒரு பட்டன் செல் இருக்கும், அது செத்தா இன்னிக்கு என்ன தேதி, எங்கிருந்து தொடங்கணும்னு எல்லாத்தையும் மறந்துரும். இரு." ஜெஸிந்தா வெளியே போய், ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து உளுந்து நிறுக்கும் சின்னத் தராசை எடுத்துவந்தாள். அதன் முதுகைத் திறந்து செல்லைப் பிடுங்கினாள். "நாளைக்கு உளுந்தைக் கைநெதானத்துல போட்டுக்கறேன். அந்த நெதானத்துக்கு எந்தச் சட்டமும் இல்ல."

செல்லை மாற்றி, அமைப்புப் பக்கத்தில் தேதியைத் திருத்தி, முதலில் எந்த வட்டைத் தேட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். மணி மூன்றரை. விசிறி இரைந்தது. வட்டு உள்ளே முனகியது. மெல்ல, மிக மெல்ல, நீலத் திரை வந்தது.

அதே நேரம் பக்கத்து அறையில் புல்லாங்குழல் கேட்டது.

தாரணி திரும்பினாள். கிருபாகரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருந்தான். அவனுடைய திரை அணைந்துகொண்டிருந்தது. 'நீங்கள் இப்போது நிதானமாக இல்லை.' பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் அவன் கழுத்து நரம்பு அப்படிப் புடைத்து அவள் பார்த்ததில்லை. அவன் பரிசோதனைத் தாளை அவளிடம் நீட்டினான்.

"ஒம்பதாவது வரியைப் பாரு."

"என்னங்க?"

"ஒலி அளவுன்னு ஒரு கட்டம் இருக்கு. எல்லா வரியிலயும் எண் இருக்கு. ஒம்பதுல பூஜ்யம். பதினாலுலயும் பூஜ்யம். பொய் சொல்றாங்களான்னு பாக்க, சத்தமே இல்லாம விட்டுப் பாக்கறது. ரெண்டுக்கும் நம்ம புள்ள 'கேக்குதுங்க மாமா'ன்னு சொல்லியிருக்கா." அவனுக்கு மூச்சு வாங்கியது. "சத்தமே போடாம கேக்குதான்னு கேட்டிருக்கான். கேக்குதுன்னு சொன்னதை அந்த மிஷின் சரின்னு கூட்டியிருக்குது. ஒரு மனுசன், ஒரே ஒரு மனுசன் இந்தத் தாளைப் படிச்சிருந்தா..."

தாளை மேசைமேல் அடித்தான். மித்ரா மேசையின் அதிர்வில் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"அம்மா" என்று ரகசியம் போலச் சொன்னாள், அது வீடு முழுக்கக் கேட்டது. "அப்பாவுக்குக் கோபம் வந்துருச்சு!"

ஜெஸிந்தா சிரித்துவிட்டாள். தாரணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பதிமூன்று நாளாக ஒரே வீட்டில் தனியாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள். எழுந்துபோய் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் பேசினது..."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல எழுது" என்றான்.

மகாராணி கடவுச்சொல் கேட்டது. தாரணிக்குச் சுத்தமாக நினைவில்லை. இரண்டு முறை தவறாகப் போட்டதும், கீழே ஒரு குறிப்பு வந்தது: 'அவன் வர்ற பஸ்.'

"அவனா? யாருடீ அவன்?" ஜெஸிந்தா கண்ணடித்தாள். தாரணியின் முகம் சிவந்தது. அவளுக்கு ஆளைத் தெரியும். பஸ் எண்தான் வரவில்லை.

கிருபாகரன் குனிந்து பஸ் எண்ணைத் தட்டினான். திரை திறந்தது.

"ரெண்டு வருசம் அதுலதானே தொங்கிட்டு வந்தேன்" என்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எழுத உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் திரை பொசுக்கென்று அணைந்தது. சார்ஜர் செருகும் துளை தளர்ந்துபோயிருந்தது. பேட்டரி இல்லாததால் சார்ஜர் முள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உயிர் போய்விடும். சுற்றி ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கிருபாகரன் தரையில், அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். முள்ளைக் கட்டை விரலால் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தான்.

"எவ்வளவு நேரம் புடிப்பீங்க?"

"நீ எழுதற வரைக்கும்."

அவள் எழுதினாள். எந்தக் கண்ணும் அவளைப் பார்க்கவில்லை. எந்தச் சொல்லுக்குக் கீழும் 'இப்படிச் சொல்லலாமே' என்று வரவில்லை. ஒரு பொத்தான் உடைந்திருந்தது, அந்த எழுத்துக்கு நகத்தால் குத்த வேண்டியிருந்தது. குத்தினாள்.

'ஒன்பதாவது ஒலி என்று நீங்கள் எதையும் ஒலிக்கவிடவில்லை. உங்கள் தாளே அப்படிச் சொல்கிறது. கேட்கிறதா என்று கேட்டீர்கள். மாமாவின் மனம் நோகக் கூடாதென்று என் மகள் கேட்கிறது என்றாள். மரியாதையாக நடந்துகொண்டதற்காக ஒரு குழந்தையின் காதைப் பறிப்பீர்களா? நான் தயவு எதையும் கேட்கவில்லை. தவறைத் திருத்துங்கள் என்கிறேன். நான் கோபமாகத்தான் இருக்கிறேன். இதை எழுதும்போது கோபப்படாத தாய் இருந்தால் அவளைத்தான் நீங்கள் பரிசோதிக்க வேண்டும்.'

மனுவை எங்கே அனுப்புவது என்பது கிருபாகரனுக்குத் தெரிந்திருந்தது. அலுவலகத்தின் புதிய தளம் இந்தக் கணினியில் திறக்காது. ஆனால் மின்னஞ்சலில் வந்த மேல்முறையீட்டையும் அதிகாரி நேரில் படிக்க வேண்டும் என்ற பழைய விதியை யாரும் ரத்து செய்யவில்லை. கடைசி வரியில், எழுதிய கருவி எது என்று குறிப்பிட வேண்டும் என்பதும் விதி.

"அதை நான் சொல்றேன், போடு" என்றாள் ஜெஸிந்தா. தாரணி அப்படியே போட்டாள்: 'எழுதிய கருவி: கல்லூரியில் அரசு கொடுத்த மடிக்கணினி. பேட்டரி இல்லை. கோபம் உண்டு.'

நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் போனது. கிருபாகரன் விரலை எடுத்தான். திரை அணைந்தது. அவன் கட்டை விரலில் வெள்ளையாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தாரணி அதைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள். ஜெஸிந்தா மாவு புளித்துவிடும் என்று கிளம்பினாள்.

பதில் அன்று வரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கும் வரவில்லை. பத்தரைக்குக் கிருபாகரன், "படிச்சிருக்கவே மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தான். பன்னிரண்டுக்குப் பட்டியல் மூடிவிடும்.

பத்தே முக்காலுக்கு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் இறங்கினார். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. வியர்வையில் பொட்டு கரைந்திருந்தது. கையில் தாரணியின் மனுவும் ஒரு கட்டுத் தாளும்.

"தாரணி நீங்கதானே? நான் உமையாள். மேல்முறையீட்டு அதிகாரி."

தாரணி அந்த மனுவையே பார்த்தாள். எழுதிய விதத்துக்கு ஏதாவது நடவடிக்கையா? கிருபாகரன் ஒரு அடி முன்னால் வந்து அவளுக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் நின்றான்.

"அதை ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம்" என்றான். 'ங்க' போடவில்லை.

"நல்லது" என்றார் உமையாள். "தண்ணி இருந்தா கொடுங்க. பொண்ணு எங்கே?"

மித்ரா கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். உமையாள் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். மித்ரா அந்தக் கையையே பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மரியாதையாக, "சரிங்க அத்தே" என்றாள்.

"உன் பேரு என்னன்னுதாம்மா கேட்டேன்" என்றார் உமையாள், யாருக்கோ சொல்வதைப் போல.

தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "நேத்து சாயங்காலமே படிச்சுட்டேன். உத்தரவு போடணும்னு உக்காந்தேன். ஒம்பதாவது வரிக்கு வந்ததும் என் மிஷின் அணைஞ்சு போச்சு. காலையில போய்த் திரும்ப உக்காந்தேன், குழல்தான் ஊதுது. சரி, வேற யாராவது அடிக்கட்டும்னு செக்‌ஷன்ல இதைச் சத்தமாப் படிச்சேன். ஆறு மிஷினும் ஒண்ணு பின்னால ஒண்ணாப் படுத்துடுச்சு. அந்தப் பரிசோதனைத் தாளுக்குக் கண்ணை மூடிட்டு முத்திரை வச்ச ஆளோட மிஷின் மட்டும்தான் ஓடுது. அதுல நான் உக்கார மாட்டேன்."

"கையால எழுதி..." என்று தொடங்கினான் கிருபாகரன்.

"எழுதினேன். பேனா தாளைக் கிழிச்சுடுச்சு."

அவர் மேசையைப் பார்த்தார். மூலையில் அந்தக் கறுப்பு மடிக்கணினி, பேட்டரி இல்லாமல், முள் தொங்கியபடி இருந்தது. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"உங்க மகளோட சேர்த்து இந்த வருசம் அந்த மாமாவுக்குப் பதில் சொன்ன நூத்திப் பதினேழு குழந்தைங்க தாளையும் கொண்டாந்திருக்கேன். மொத்தத்துக்கும் ஒரே உத்தரவு. பன்னெண்டுக்குள்ள போகணும்."

கிருபாகரன் தரையில் உட்கார்ந்து முள்ளைப் பிடித்தான். தாரணி பொத்தானை அழுத்தினாள். விசிறி இரைந்தது. வட்டு முனகியது. நீலத் திரை வருவதற்குள் உமையாள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"மேடம், கொஞ்சம் மெதுவாத்தான் வரும்" என்றாள் தாரணி. "ஒரு காபி போடட்டுங்களா?"

"வேண்டாம்மா. காபி குடிச்சா கோபம் தணிஞ்சுடும்" என்று சொல்லி உமையாள் நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டார். "தள்ளுங்க."